மூன்று பேர் ஏறிய ஆம்புலன்ஸ்

எங்கள் நார்பி ஊர் சபையில் ஐந்து உறுப்பினர்கள். அதில் மூன்று பேர் ஓரிடத்தில் சேர்ந்து ஊர் விஷயம் பேசினால் சட்டப்படி அது கூட்டம். நோட்டீஸ் ஒட்டாமல் நடத்தக் கூடாது. மின்னசோட்டாவின் மற்ற சின்ன ஊர்களில் இதைக் கண்டும் காணாமல் விட்டுவிடுவார்கள் என்று கேள்வி. இங்கே கிளார்க் நான், நான் விடுவதில்லை. காபிக் கடையில் இரண்டு உறுப்பினர்கள் ஒரே மேஜையில் இருந்தால், மூன்றாவதாக வருபவர் முதலில் என் முகத்தைப் பார்ப்பார். பிறகு கேக் அலமாரி ஓரமாக நின்றபடியே காபியைக் குடித்துவிட்டு நடையைக் கட்டுவார். முசுடு என்று எனக்குப் பெயர். இருந்துவிட்டுப் போகட்டும்.

கொரோனாவுக்குப் பிறகு வாஷிங்டன் அனுப்பிய நிவாரணப் பணம் வங்கியில் சும்மா கிடந்தது. வருடக் கடைசிக்குள் எதற்கென்று முடிவு செய்து ஒப்பந்தம் போடாவிட்டால் திருப்பி அனுப்பியாக வேண்டும். உறுப்பினர்களில் மேவிஸுக்குப் புது ஆம்புலன்ஸ் வேண்டும். ஆர்லினுக்குப் பிக்கிள்பால் என்ற மட்டைப்பந்து ஆட்டத்துக்கு மைதானம் வேண்டும். குளிருக்குப் பயந்து ஃப்ளோரிடா போன மனிதர், அந்த மட்டைப் பைத்தியத்தோடு திரும்பி வந்திருந்தார். வேறு இருவர் ஆளுக்கொரு பக்கம். ஐந்தாமவர் மேயர் டுவைன், கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் பக்கம்.

ஆம்புலன்ஸை ஓட்டுவது லோர்னா. பள்ளிச் சமையலறையில் வேலை. இது சம்பளமில்லாத தொண்டு. கூட்டத்துக்கு முந்தின வாரம் அலுவலகத்துக்கு வந்து என் எதிரே உட்கார்ந்தாள்.

"இந்தப் பணமும் கை நழுவிப் போச்சுன்னா ஜனவரியோட நான் விட்டுடறேன். உசுருக்குப் போராடற ஆளை ஏத்திட்டு இந்த ஓட்டை வண்டி நடுவழியில நின்னா, அந்தப் பழியை என்னால தாங்க முடியாது."

அவள் விட்டால் எடுத்து ஓட்ட வேறு ஆளில்லை. பக்கத்து ஊர் வெல்டனிலிருந்துதான் வண்டி வர வேண்டும். அவர்கள் வருவதற்குள் மாரடைப்பு வந்தவனுக்கு மாலையே வாங்கிவிடலாம். எனக்குத் தூக்கம் போயிற்று.

வருடத்தின் கடைசிக் கூட்டத்தன்று மாலை, ஆர்லின் மைதானத்தின் வரைபடத்தைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு மிடுக்காக வந்தார். கூட்டம் நடக்கும் ஊர் மன்றத்துப் படியில் பனிக்கட்டி. வரைபடம் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். கணுக்கால் கண்ணெதிரே வீங்கியது.

லோர்னா வண்டியைக் கொண்டுவந்தாள். ஆர்லின் தன் மச்சான் ஆயிற்றே என்று மேயர் பின்னால் ஏறினார். மேவிஸ் கம்பளியோடு ஏறினாள். சபையில் எலியும் பூனையுமாக இருந்தாலும் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். எண்ணிப் பார்த்தேன், மூன்று பேர். நான் முன் சீட்டில் ஏறிக்கொண்டேன்.

தானியக் கிடங்கைத் தாண்டியதும் எஞ்சின் இருமியது, நின்றது. லோர்னா சாவியைத் திருகித் திருகிப் பார்த்துவிட்டு வெல்டனுக்கு வயர்லெஸ்ஸில் சொன்னாள். வருகிறோம், ஆனால் சாலையெல்லாம் பனி என்றார்கள். அவள் எதற்குப் பயந்தாளோ அதுவே நடந்துவிட்டது. பின்னால் போய் ஆர்லினின் நாடியைப் பிடித்துக்கொண்டாள்.

மேவிஸ் வாயைத் திறந்தாள். "இப்பவாவது தெரியுதா ஆர்லின், இந்த வண்டி..."

"நிறுத்து," என்றேன். "மூணு பேர் இருக்கீங்க. ஊர் விஷயம் பேசக் கூடாது."

"அடிப்பாவி. இங்கேயுமா?"

"எங்கேயும்."

ஆர்லினுக்குப் பல் தந்தியடித்தது. "குளிருதுன்னு சொல்லலாமா?"

"சொல்லலாம். ஹீட்டர் வேலை செய்யலைன்னு சொல்லக் கூடாது. ஹீட்டர் ஊர்ச் சொத்து."

மேயர் தொண்டையைச் செருமினார். "வானிலை பத்தி?"

"தாராளமா."

வானிலை சீக்கிரமே தீர்ந்துவிட்டது. பிறகு மூவரும் வாயை மூடிக்கொண்டு வண்டியைப் பார்த்தார்கள். கூரை ஒழுகாமலிருக்க ஒட்டிய டேப்பை மேயர் பார்த்தார். இத்தனை வருடமாக இதைப் பற்றிப் பேசியவர்கள், இதற்குள் உட்கார்ந்து பார்த்தது அன்றுதான். ஆர்லின் படுத்திருந்ததால் எல்லாவற்றையும் பார்த்தார். கதவு தானாகத் திறந்துகொள்ளாதபடி லோர்னா கட்டியிருந்த கயிற்றில் அவர் கண் நெடுநேரம் நின்றது. ஏதோ சொல்ல வந்து, என்னைப் பார்த்து, விழுங்கிக்கொண்டார்.

கடைசியில் ஒரு விவசாயி டிராக்டரால் எங்களை இழுத்து மன்றத்து வாசலிலேயே கொண்டுவந்து விட்டார். பக்கத்தில் சூடான இடம் அதுதான். வெல்டன் வண்டி வரும்வரை ஆர்லினை ஸ்ட்ரெச்சரோடு உள்ளே கிடத்தினோம். மற்ற இரு உறுப்பினர்களும் ஊர் ஜனமும் கலையாமல் காத்திருந்தார்கள். மேயர் கூட்டத்தைத் தொடங்கினார். படுத்தபடியே ஆர்லின் கை தூக்கினார்.

"நிவாரணப் பணம் மொத்தத்துக்கும் ஆம்புலன்ஸ் வாங்கணும்னு முன்மொழியறேன்."

"வழிமொழியறேன்," என்றாள் மேவிஸ்.

"விவாதம் உண்டா?" என்றார் மேயர்.

இப்போது தாராளமாகப் பேசலாம். யாரும் பேசவில்லை. ஐந்து கைகளும் உயர்ந்தன. என் கண் நிறைந்துவிட்டது. முசுடுக்கும் கண் உண்டு.

லோர்னா கை தட்டவில்லை. குனிந்து ஆர்லினின் கால் கட்டைச் சரிசெய்தாள்.

"புது வண்டி எப்போ வரும்?" என்று கேட்டார் ஆர்லின்.

"நாளைக்கே கையெழுத்துப் போட்டாலும், செஞ்சு அனுப்ப ஒண்ணரை வருஷம் ஆகுமாம்," என்றேன்.

"அதுவரைக்கும் இதை யாரு ஓட்டறது?"

"நான்தான்," என்றாள் லோர்னா. "நீங்க மட்டும் விழாம இருங்க."