ரிதாஜ் அம்மாவின் கவனத்திற்கு

வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்குத் துணைத் தலைமையாசிரியை மிஸ் இன்ஆம் தன் வாரக் கடிதத்தை வெளியிடுவார். எகிப்தின் துமியாத் நகரில் எந்த அரசாணைக்கும் அத்தனை மரியாதை கிடையாது. ஞாயிறு, மஞ்சள் உடை நாள். திங்கள், ஈரப் பஞ்சில் முளைக்க வைத்த மொச்சை. செவ்வாய், நகச் சோதனை. புதன், காலணிப் பெட்டிக்குள் ஒரு பாலைவனம், ஒட்டகத்துடன். கடைசியில் 'அன்பான நினைவூட்டல்' என்றொரு பகுதி வரும். அன்பு அந்தத் தலைப்போடு தீர்ந்துவிடும். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் மிரட்டல்.

இந்தக் கடிதத்தைப் பிள்ளையின் பையில் வைத்து அனுப்பலாம், வாசல் சுவரில் ஒட்டலாம். அப்படிச் செய்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடுமே! அதனால் அது 'இரண்டாம் வகுப்பு ஆ பிரிவுத் தாய்மார்' என்ற வாட்ஸ்அப் குழுவுக்கு மட்டும் போகும். கடிதத்தைப் போடுவதோடு சரி, அங்கே நடக்கும் அரட்டையை மிஸ் இன்ஆம் படிப்பதில்லை. அங்கே தகப்பன்மாருக்கு இடமில்லை. மூன்று வருடத்துக்கு முன் ஒரு தகப்பனைச் சேர்த்தார்களாம். அவர் தினமும் விடியற்காலையில் ரோஜாப் படம் போட்டுக் காலை வணக்கம் சொன்னாராம். இரண்டு வீட்டில் சண்டை வந்ததாம். அந்த ரோஜாவோடு ஆண் குலத்துக்கே கதவு சாத்தியாயிற்று.

ஷவ்கிக்கு இந்தச் சட்டமெல்லாம் அக்டோபர் வரை தெரியாது. மின்சார அலுவலகத்தில் புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது அவர் வேலை. பிள்ளையின் பள்ளிக்கூடம் மனைவி நஜ்லாவின் வேலை. அந்த நஜ்லாதான் குவைத்தில் செவிலியர் பணி கிடைத்து விமானம் ஏறினாள். போகும்போது ஒரே ஒரு கட்டளை.

"ஒப்பந்தம் உறுதியாகுற வரைக்கும் நான் குவைத்ல இருக்கேன்னு ஒரு ஈ காக்காய்க்குத் தெரியக் கூடாது. ஊர்க்கண்ணு பட்டுச்சுன்னா அடுத்த விமானத்துல திரும்பி வந்துருவேன், பாத்துக்க."

"என் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வராது."

"அதான் தெரியுமே. பத்து வருஷமா உன் வாயிலேர்ந்து எந்த வார்த்தை வந்துருக்கு?" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே அடி விழுந்தது. மஞ்சள் உடை நாளன்று ரிதாஜ் ஒருத்தி மட்டும் கருநீலச் சீருடையில் போய் நின்றாள். வகுப்புப் புகைப்படத்தில் முப்பத்திரண்டு கோழிக்குஞ்சும் ஒரு காகமும் இருந்தன. வீட்டுக்கு வந்தவள் அழவில்லை. அழுதிருந்தால் ஷவ்கிக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும்.

"எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு பாபா. நமக்கு மட்டுந்தான் தெரியல," என்றாள்.

அந்த 'நமக்கு' அவரைப் போட்டு வாட்டியது. மறுநாளே அலுவலகத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு மிஸ் இன்ஆம் முன்னால் போய் நின்றார்.

"சார், அது அம்மாமாருங்க குழு. அதுல ஆம்பளையச் சேத்தா என் தலை உருளும்."

"அப்ப எனக்கு மட்டும் தனியா அனுப்பிருங்க மிஸ்."

"ஒரு வகுப்புக்கு ஒரு கடிதந்தான் சார். ஏன், ரிதாஜ் அம்மாவுக்கு என்ன ஆச்சு?"

ஊர்க்கண் நினைவுக்கு வந்தது. "அவளுக்கு... பல்வலி."

"பல்வலின்னா ஃபோன் பாக்க முடியாதா?"

நியாயமான கேள்வி. ஷவ்கி வீட்டுக்கு வந்தார். அந்தக் கேள்வியே வழியும் காட்டியது. நஜ்லாவின் பழைய ஃபோன் அலமாரியில் துண்டுகளுக்கு அடியில் கிடந்தது, உள்ளூர் எண்ணோடு. உயிரூட்டியதும் படிக்காத செய்திகள் இரண்டாயிரத்துச் சொச்சம் வந்து விழுந்தன. அதில் ஆயிரம், கடிதத்தில் சொன்ன நீலம் வான நீலமா கடல் நீலமா என்ற விவாதம். முடிவு எட்டப்படவில்லை.

அன்று மாலை ஷவ்கி தாயானார். அவர் போட்ட முதல் செய்தி இது:

'மதிப்பிற்குரிய தாய்மார்களுக்கு, வாழ்த்துக்குப் பின் தெரிவிப்பது யாதெனில், புதன்கிழமைப் பாலைவனத்துக்குத் தேவையான ஒட்டகங்களின் எண்ணிக்கையை உறுதிப்படுத்துமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் உண்மையுள்ள, ரிதாஜின் தாய்.'

நாலு நிமிடம் குழுவில் பேச்சு மூச்சில்லை. அது பிறந்த நாளிலிருந்து இவ்வளவு நேரம் வாயை மூடியதில்லை. பிறகு வகுப்புத் தாய்மாரின் தலைவி, மர்வானின் அம்மா ஜீஹான் எழுதினாள்: 'ஒரு ஒட்டகம் போதும்டி கண்ணே. பல்வலின்னு மிஸ் சொன்னாங்களே, இப்ப எப்டி இருக்கு?' அதன் கீழே விழுந்து விழுந்து சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்தன. ஒட்டகம் என்றால் பெண்களுக்கு ஏனோ சிரிப்பு வருகிறது என்று ஷவ்கி முடிவு கட்டிக்கொண்டார்.

அதன் பிறகு ரிதாஜ் காகமாகவில்லை. மொச்சை முளைத்தது. நகம் வெட்டப்பட்டது. ஒட்டகத்துக்குத் திமில்கூட ஒன்றுக்கு இரண்டாக இருந்தது. ஷவ்கிக்கும் குளிர் விட்டுப்போயிற்று. கணவன்மாரைப் பற்றிப் புலம்பல் தொடங்கினால் இவரும் ஒரு கை பார்ப்பார். 'என் கணவரைப் பொறுத்தவரை, பொறுப்பும் அடக்கமும் மிக்கவர் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்' என்று ஒரு நாள் பதிவு செய்தார். அதற்கும் சிரிப்புமுகங்கள் கொட்டின. இந்தப் பெண்களுக்கு நல்ல கணவனைப் பார்த்தே பழக்கமில்லை, பாவம் என்று அனுதாபப்பட்டார்.

பிப்ரவரியில் ஒரு நாள் யாசீனின் அம்மா எழுதினாள்: 'எங்கூட்டு ஆளு ஆசையா ஒரு வார்த்தை பேசி ஆறு வருஷம் ஆச்சு. உங்கூட்டுல எப்டி ரிதாஜ் அம்மா?'

ஷவ்கி கையிலிருந்த தேநீர்க் கிளாஸை ஓரமாக வைத்தார். பிறகு எழுதினார்: 'என் கணவரும் எதையும் சொல்ல மாட்டார். நான் ஊரில் இல்லாத நாட்களில் பழக்கதோஷத்தில் இரண்டு கிளாஸ் தேநீர் போட்டு, ஒன்றைக் கொட்டுகிறார். இதை என்னிடம் ஃபோனில் சொல்லலாம். சொல்ல மாட்டார். மற்றபடி நலமே.'

இதற்கு ஒரு சிரிப்புமுகம்கூட வரவில்லை. ஒரு வேளை இணையம் வேலை செய்யவில்லை போலும்.

மார்ச் மாதம் பிறந்தது. மிஸ் இன்ஆமின் கடிதமும் வந்தது. 'இருபத்தொன்றாம் தேதி செவ்வாய், காலை பத்து மணிக்கு அன்னையர் தின விழா. ஒவ்வொரு பிள்ளையும் தன் தாய்க்கு மேடையில் மலர் அணிவிக்கும். ஒவ்வொரு தாயும் தன் கையால் சமைத்த ஒரு பண்டம் கொண்டுவர வேண்டும். அன்பான நினைவூட்டல்: இது தாய்மாருக்கான விழா. ஆண்கள் வாசல் வரை வந்து பண்டத்தைத் தூக்கித் தரலாம். வாசலைத் தாண்டக் கூடாது. தாய் வராத பிள்ளை, துணைத் தலைமையாசிரியைக்கு மலர் அணிவிக்கலாம்.'

ரிதாஜுக்கு இது ஏற்கெனவே தெரிந்திருந்தது. ஆலிவ் காயைத் தட்டில் உருட்டிக்கொண்டே சொன்னாள்: "செவ்வாக்கெழமை எனக்குக் காய்ச்சல் பாபா."

"இன்னிக்கு வெள்ளிக்கெழமை. அன்னிக்குக் காய்ச்சல் வரும்னு இப்பவே எப்டித் தெரியும்?"

"வரும். மேடையில எல்லாரும் அவங்கவங்க அம்மாவுக்குக் குத்துவாங்க. நான் மட்டும் மிஸ் இன்ஆமுக்குக் குத்தணும். அதுக்குக் காய்ச்சலே தேவல."

மறுபடியும் காகம். ஐந்து மாதமாக ஒட்டகமும் மொச்சையும் வளர்த்ததெல்லாம் ஆற்றில் கரைத்த புளியாகப் போகப்போகிறது. நஜ்லாவுக்கு விடுப்பு கிடையாது. ஷவ்கிக்கு இருக்கிற ஒரே அக்காவும் நாட்டின் மறுகோடியில், அஸ்வானில் இருக்கிறாள்; ரயிலில் வந்து சேருவதற்குள் அடுத்த அன்னையர் தினமே வந்துவிடும். அவர் குழுவில் எழுதினார்:

'தவிர்க்க இயலாத காரணங்களால் நான் விழாவுக்கு வர இயலாத நிலையில் உள்ளேன். பண்டத்தை என் கணவர் வாசலில் ஒப்படைப்பார். மேடையில் என் மகள் தனியாக நிற்காதபடி யாரேனும் ஒரு சகோதரி அவள் பக்கத்தில் நிற்க முடியுமா?'

ஜீஹான் பதில் போட்டாள்: 'நீ இல்லாம விழாவா? பதினாலாம் நம்பர் நாற்காலி உனக்கு. பிள்ளைய அனுப்பு. காய்ச்சல் கீய்ச்சல்னு வீட்டுல வச்சுக்காத.'

காய்ச்சல் விஷயம் இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று ஷவ்கி யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. முட்டைக்கோஸ் இலையில் சோற்றை வைத்துச் சுருட்டும் வேலையில் முழுகிவிட்டார். நஜ்லா சுருட்டினால் சுண்டுவிரல் பருமனில் இருக்கும். இவருடையது தலையணை உறை போல வந்தது.

செவ்வாய்க்கிழமை ரிதாஜை இழுத்துக்கொண்டு போய் வகுப்பில் விட்டுவிட்டு, பத்து மணிக்குப் பாத்திரத்தோடு வாசலில் நின்றார். காவலாளி ஜாபிர் கையை நீட்டி மறித்தார். பின்னாலேயே மிஸ் இன்ஆமும் வந்துவிட்டார்.

"குடுத்துட்டுக் கெளம்புங்க சார். உள்ள விழா ஆரம்பிச்சாச்சு."

"மிஸ், ஓரமா நின்னு ஒரு நிமிஷம் பாத்துட்டு..."

"ஒரு ஆளுக்கு வழி விட்டா ஒம்பது பேர் வருவாங்க."

அப்போது மாடிப்படியில் தடதடவென்று சத்தம். ஜீஹான் முன்னால் வர, ஏழெட்டுப் பெண்கள் பின்னால் இறங்கி வந்தார்கள்.

"எங்க ரிதாஜ் அம்மாவ எதுக்கு மிஸ் வெளிய நிறுத்தி வச்சிருக்கீங்க?"

மிஸ் இன்ஆம் தெருவை எட்டிப் பார்த்தார். ஷவ்கியும் தெருவை எட்டிப் பார்த்தார்.

"உங்களத்தான் சொல்றோம் ரிதாஜ் அம்மா. பல்லு சரியாயிருச்சா?"

ஷவ்கி பாத்திரத்தை ஜாபிர் கையில் கொடுத்தார். "உங்களுக்கு... எப்பலேர்ந்து தெரியும்?"

"மொத நாளுலேர்ந்து! ஒட்டகத்துக்கு மனு போட்டீங்களே, அன்னிக்கே," என்றாள் ஜீஹான். "எந்தப் பொம்பளை மத்த பொம்பளைங்களுக்கு 'தங்கள் உண்மையுள்ள'ன்னு எழுதுவா?"

"என் கரண்டு பில்லு புகாருக்கு இதே மாதிரிதான் பதில் வந்துச்சு," என்றாள் யாசீனின் அம்மா.

"அதோட நஜ்லாவே சொல்லிட்டாளே. அந்த ஒட்டகக் கூத்துக்கு மறுநாளே குவைத்து நம்பர்ல குழுவுல சேந்துட்டா. உங்ககிட்ட மட்டும் சொல்ல வேணாம்னுட்டா."

யாருக்கும் தெரியக் கூடாது என்று அவர் ஐந்து மாதமாகப் பல்வலி வைத்துக் காத்த ரகசியத்தை, அவளே முப்பது பெண்களுக்குச் சொல்லியிருக்கிறாள். ஜீஹான் தன் ஃபோனைக் காட்டினாள். 'ரிதாஜ் அம்மா அசல்' என்று ஓர் எண். 'ரிதாஜ் அம்மா ஆபீஸ்' என்று இன்னோர் எண். அலுவலகத்தில் நாள் முழுக்கப் புகார் எண்களோடு மாரடிக்கிற மனிதர், குழுவின் பட்டியலை ஒரு முறைகூடத் திறந்து பார்த்ததில்லை.

"அப்ப எல்லாத்தையும் அவ படிச்சாளா? அந்த... டீ?"

பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. "படிச்சா," என்றாள் ஜீஹான். "அன்னிக்கு ராத்திரி என்கிட்ட ஃபோன் போட்டு ஒரு மணி நேரம் அழுதா. வாங்க மேல."

மிஸ் இன்ஆம் வாயைத் திறந்தார். எட்டுத் தாய்மார் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். மூடிக்கொண்டார்.

பதினான்காம் நாற்காலியில் 'ரிதாஜின் தாய்' என்று அட்டை ஒட்டியிருந்தது. ஷவ்கி அதில் உட்கார்ந்தார். மேடையில் ரிதாஜ் கடைசி ஆளாக, துணைத் தலைமையாசிரியைக்கான மலரைக் கையில் வைத்துக்கொண்டு, மருந்து குடிக்கப் போகிறவள் முகத்தோடு நின்றாள். ஒலிபெருக்கியில் பெயர் கூப்பிட்டார்கள். "ரிதாஜின் அம்மா!" ஷவ்கி எழுந்தார். முப்பது பெண்கள் குலவையிட்டார்கள்.

ரிதாஜ் மேடையிலிருந்து ஓடி வந்து ஊக்கைக் குத்தினாள். பாதி சட்டையில், பாதி ஷவ்கியில். வலித்தது. ஷவ்கி அழுதார். ஊக்குதான் காரணம் என்று பிறகு எல்லோரிடமும் சொன்னார்.

ஜீஹான் நீட்டிய ஃபோனில் நஜ்லாவின் முகம் தெரிந்தது, மருத்துவமனைச் சீருடையில், கண்ணெல்லாம் சிவந்து.

"ரெண்டாவது கிளாஸைக் கொட்டாத ஷவ்கி," என்றாள். "அதையும் நீயே குடி. ஜூன்ல நான் வந்ததும் எனக்குன்னு போட்டுக்கலாம்."

"சரி," என்றார் ஷவ்கி. பிறகு, முப்பது பெண்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, "நீ இல்லாம எனக்கு வீடு புடிக்கல நஜ்லா," என்றார். பத்து வருடத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான். மிஸ் இன்ஆம்கூட ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த வியாழக்கிழமை இரண்டு மணிக்கு வாரக் கடிதம் வந்தது. ரமலான் நேர அட்டவணை, தொலைந்துபோன தண்ணீர்ப் புட்டிகள் பதினொன்று, பேன் சோதனை. அதற்குக் கீழே:

'அன்பான நினைவூட்டல்: அன்னையர் தின விழாவில் ஆண்களுக்கு எக்காரணம் கொண்டும் அனுமதியில்லை. ரிதாஜின் தாயாருக்கு இந்த விதி பொருந்தாது. அவர் அடுத்த ஆண்டு முட்டைக்கோஸை இன்னும் மெல்லியதாகச் சுருட்டிவர வேண்டும்.'