பின்சீட்டில் அறுபத்தெட்டு கிலோ

1.

இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. ஒருவர் வீடு தேடி வந்து எழுதச் சொல்லிவிட்டுப் போனது. "இந்த டீச்சருக்குச் சொந்தச் சரக்கு கிடையாது" என்று நீங்கள் கண்டுபிடிப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது மரியாதை.

வந்தவர் நவநீதகிருஷ்ணன். அருப்புக்கோட்டையில் மல்லியும் மக்காச்சோளமும் வாங்கி விற்கும் மண்டிக்காரர். வயது ஐம்பத்தொன்பது. பாளையம்பட்டியில் எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. நான் ஸ்டெல்லா, ஓய்வு பெற்ற தமிழாசிரியை. பத்திரிகைகளுக்குக் கதை அனுப்புவேன், அவர்களுக்குப் பக்கம் மீந்தால் போடுவார்கள்.

"வண்டி வாங்கப் போறேன் டீச்சர். தூரந்தொலைவு போற மோட்டார் சைக்கிளு. அதப் பத்தி ஒரு கத எழுதுங்க. நடுவுல ஒரு விசயத்த மட்டும் சொருகிடணும்" என்றார்.

என்ன விஷயம் என்று கேட்டேன். எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னார். அதை மூன்றாம் பகுதியில் சொல்கிறேன். கதை என்றால் கொஞ்சம் இழுக்க வேண்டாமா?

2.

முதல் தொடக்கம்: "கரிசல் காட்டின் விளிம்பில் செஞ்சூரியன் மெல்ல..."

(வேண்டாம். எங்கள் ஊரில் சூரியன் விளிம்பில் நிற்பதில்லை. நேரே உச்சந்தலையில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது.)

இரண்டாம் தொடக்கம்: "ஐம்பத்தொன்பது வயதில் ஒரு மனிதன் தன் சுதந்திரத்தைத் தேடி..."

(அவரைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். அவர் தேடியது சுதந்திரத்தை அல்ல, பின்சீட்டில் உட்காரச் சம்மதிக்கும் மனைவியை.)

மூன்றாம் தொடக்கம்: "முத்துலட்சுமி முப்பத்தோரு வருடமாகத் தன் கணவர் ஓட்டும் வண்டியில் ஏறியதில்லை."

இது இருக்கட்டும். இதில் பொய் இல்லை, உவமை இல்லை, சூரியனும் இல்லை. கல்யாணமா, காதுகுத்தா, எதுவானாலும் முத்துலட்சுமி பஸ்ஸில் போவாள். அவர் தன் வண்டியில் பஸ்ஸுக்குப் பின்னாலேயே போவார். அவள் இறங்கும் நிறுத்தத்தில் பையை வாங்கிக்கொள்ள நிற்பார். கண்டக்டர்களுக்கெல்லாம் தெரியும். "மெதுவா விடுங்கண்ணே, அண்ணாச்சி பின்னாடி வாராக" என்று டிரைவரிடம் சொல்வார்களாம்.

இருவருக்கும் சண்டை ஏதும் கிடையாது. ஒரே தட்டில் முறுக்கு தின்பார்கள். வண்டியில் மட்டும் ஏற மாட்டாள். கல்யாணமான புதிதில் தனுஷ்கோடி பார்க்க வேண்டும் என்று அவள் ஒரு தடவை சொன்னாளாம். அவளை வண்டியில் பின்னால் வைத்து, திருச்சுழி வழியாகத் தனுஷ்கோடிக்குக் கூட்டிப் போக வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. முழங்கால் இன்னும் நாலைந்து வருடம்தான் ஒத்துழைக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

3.

விஷயம் இதுதான். 1994-ல் மதுரையில் முத்துலட்சுமியின் சித்தி மகளுக்குக் கல்யாணம். இருவரும் அவருடைய பழைய பைக்கில் கிளம்பினார்கள். காரியாபட்டிக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது வண்டி நின்றுவிட்டது. சித்திரை வெயில். பட்டுச்சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு முத்துலட்சுமி வண்டியைத் தள்ளினாள். ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ச் சேர்ந்து, பிறகு மதுரைக்கும் போய்ச் சேர்ந்தபோது, தாலி கட்டி முடிந்து பந்தியில் ரசமும் தீர்ந்திருந்தது. இனிமேல் உங்கள் பின்னால் ஏற மாட்டேன் என்று அன்றைக்குச் சொன்னவள்தான்.

கார்புரேட்டரில் அடைப்பு என்று அவர் அவளிடம் சொன்னார். அந்த வண்டியை மறுவாரமே கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார்.

அடைப்பு எதுவும் இல்லை. அந்தக் காலத்து வண்டிகளில் டேங்குக்கு அடியில் ஒரு திருகு இருக்கும். பெட்ரோல் குறைந்தால் அதை ரிசர்வுக்குத் திருப்ப வேண்டும். அவர் திருப்ப மறந்துவிட்டார். ஒர்க்‌ஷாப்காரர் குனிந்து திருகைத் திருப்பி ஒரே மிதியில் வண்டியைக் கிளப்பினார். இவர் அவரைத் தனியே கூட்டிப்போய், கார்புரேட்டர் என்று சொல்லச் சொன்னார்.

"ஒரு பாவமும் அறியாத வண்டி டீச்சர் அது" என்று என்னிடம் அந்த வண்டிக்காக வாதாடினார்.

நேரில் சொல்ல வாய் வரவில்லையாம். கதையாக வந்தால் அவளே படித்துத் தெரிந்துகொள்வாளாம்.

(இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. கோழை என்று எழுதினேன். அடித்தேன். "கூச்ச சுபாவி" என்று எழுதினேன். அதையும் அடித்தேன். நீங்களே ஒரு சொல்லைப் போட்டுக்கொள்ளுங்கள்.)

4.

இனி வண்டி தேடும் படலம்.

முதலில் அவருடைய தொழில் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மண்டியில் மூட்டையைப் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். குத்தூசி என்று ஒன்று உண்டு. அதைச் சாக்கில் குத்தி இழுத்தால் ஒரு பிடி தானியம் வரும். அதை முகர்ந்து, கடித்து, விலை சொல்வார்கள். நவநீதகிருஷ்ணன் அதற்கும் ஒருபடி மேல். மூட்டை மேல் கையை வைத்தாலே அரைக் கிலோ பிசகாமல் எடை சொல்வார்.

அந்தக் கையோடுதான் ஷோரூமுக்குப் போனார்.* சீட்டைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். டயரை முகர்ந்து பார்த்தார். சைலன்சரைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். சட்டைப்பையில் குத்தூசி நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்த விற்பனையாளர் மாரிச்செல்வம், பேசும்போதெல்லாம் சீட்டுக்கும் அவருக்கும் நடுவிலேயே நின்றாராம்.

மாரிச்செல்வம் குதிரைத்திறன், ஏபிஎஸ், மலைப்பாதை என்று என்னென்னவோ சொன்னார். இவர் கேட்டது இரண்டே கேள்வி. தனுஷ்கோடி போகிற வழியில் பழுதானால் நரிக்குடியில் சரிபார்க்க ஆள் இருக்கிறதா? ரிசர்வ் திருகு எங்கே இருக்கிறது?

திருகெல்லாம் இப்போது கிடையாது, பெட்ரோல் குறைந்தால் வண்டியே விளக்குப் போட்டுச் சொல்லும் என்றார் மாரிச்செல்வம். நவநீதகிருஷ்ணன் அந்த விளக்கை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே நின்றார். முப்பத்தோரு வருடத்துக்கு முன்னால் இந்த விளக்கு இருந்திருந்தால் என்று நினைத்திருப்பார். (நானாக எழுதியது. அவர் சொன்னது, "கண்ணு கலங்கிருச்சு டீச்சர், ஷோரூம்ல ஏசி சாஸ்தி.")

* ஷோரூம் பெயர், வண்டிப் பெயர் எதையும் சொல்ல மாட்டேன். சொன்னால் விளம்பரம் என்பீர்கள். சொல்லாவிட்டால் இலக்கியம்.

5.

முன்னூற்றைம்பது சிசி வண்டி ஒன்று பிடித்துப் போயிற்று. ஆனால் இரண்டு பேர் பாரத்தோடு எப்படிப் போகும் என்று பார்க்க வேண்டுமே. வேறொருவராக இருந்தால் மனைவியைக் கூப்பிடுவார். இவர் மண்டிக்குப் போய் ஒரு மக்காச்சோள மூட்டையை அறுபத்தெட்டு கிலோவுக்கு நிறுத்தார். அது முத்துலட்சுமியின் எடையாம். கேட்கவில்லை, கண்ணால் பார்த்தே போட்ட கணக்கு.

மூட்டையைப் பின்சீட்டில் நிமிர்த்தி வைத்துக் கயிற்றால் கட்டினார்கள். தூசி படாமல் இருக்க மண்டியில் கிடந்த பழைய சேலையைச் சுற்றினார்கள். பின்னால் இருப்பவரும் ஹெல்மெட் போட வேண்டும் என்று மாரிச்செல்வம் விளையாட்டாகச் சொல்லிவிட்டார். சட்டம் என்றால் சட்டம்தான் என்று மூட்டையின் முடிச்சு மேல் ஒரு ஹெல்மெட்டைக் கவிழ்த்து, தாடை இல்லாததால் சணலால் கட்டினார் நவநீதகிருஷ்ணன். பிறகு பாலவனத்தம் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

அன்று சாயங்காலம் நானும் முத்துலட்சுமியும் காய்கறிக் கடையில் நின்றோம். பாலவனத்தத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்திறங்கிய ஈஸ்வரி, முத்துலட்சுமிக்குத் தூரத்துச் சொந்தம், நேரே எங்களிடம் வந்தாள். கடைக்காரருக்கும் கேட்கும்படி ரகசியமாகச் சொன்னாள்.

"மதினி, அண்ணன் பின்னால ஒரு பொம்பள. ஹெல்மெட்டு வேற. அண்ணன் அவகிட்டத் திரும்பித் திரும்பிப் பேசிக்கிட்டே போறாக. பஸ்ஸே பாத்துச்சு."

கடைக்காரர் தராசைக் கீழே வைத்தார். முத்துலட்சுமி ஒரு கத்திரிக்காயைத் திருப்பிச் சொத்தை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சேல என்ன கலரு?"

"பச்ச. மஞ்சக் கர."

"அது ஏஞ்சேல. மூட்ட மூடுறதுக்கு மண்டிக்குக் குடுத்தது" என்றாள் முத்துலட்சுமி. ஈஸ்வரியின் முகம் வாடிவிட்டது. பிறகு முத்துலட்சுமி இன்னொன்றும் கேட்டாள். அது ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

"மூட்டகிட்டயுமா திரும்பித் திரும்பிப் பேசுனாக?"

6.

இப்போது ஒரு சிக்கல். முடிவு எழுத வேண்டும்.

முடிவு அ: கதையைப் படித்த முத்துலட்சுமி அழுது, சிரித்து, வண்டியில் ஏறுகிறாள். தனுஷ்கோடி. அலைகள். (பத்திரிகை ஆசிரியர் போட்டுவிடுவார். எனக்கு வெட்கமாக இருக்கும்.)

முடிவு ஆ: முத்துலட்சுமி கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போகிறாள். பஸ்ஸில். அவர் பின்னாலேயே வண்டியில் போகிறார். (பழக்கதோஷம்.)

முடிவு இ: வண்டி வாங்காமல் கார் வாங்கிவிடுகி...

இல்லை. கதாசிரியர் என்று ஒருத்தி எதற்கு? பேசாமல், நான் எப்போதும் செய்வதையே செய்தேன். என் கதை எதுவானாலும் முதலில் படிப்பது முத்துலட்சுமிதான். பென்சிலோடு படிப்பாள். போன கதையைப் "பாதிக்கு மேல் தேவையில்லை" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தவள். இதுவரை நீங்கள் படித்த ஐந்து பகுதிகளையும் அவள் கையில் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து கதவைத் தாழ் போட்டுக்கொண்டேன்.

7.

மறுநாள் காலை தாள்கள் கேட்டில் செருகியிருந்தன. பென்சில் குறிப்புகளை அப்படியே தருகிறேன்.

முதல் பக்கம்: "வயது ஐம்பத்தொன்பது இல்லை. அறுபது முடிந்துவிட்டது."

மூட்டை வரும் பக்கத்தில் அறுபத்தெட்டைச் சுழித்து: "61. மண்டித் தராசைச் சரிபார்க்கவும்."

மூன்றாம் பகுதியின் ஓரத்தில் எழுத்து சிறிதாகியிருந்தது: "எனக்குத் தெரியும். அன்றைக்கே ஒர்க்‌ஷாப்காரர் வீட்டம்மா தண்ணீர் கொடுக்கும்போது சொல்லிவிட்டார். இவராகச் சொல்வார் என்று ஒரு வாரம் பார்த்தேன். பிறகு ஒரு வருடம் பார்த்தேன். வருத்தமாகத்தான் இருந்தது. பிறகு பஸ் பழகிவிட்டது."

தாளைத் திருப்பினால் பின்பக்கம்: "ஆனால் நான் ஏறாததற்குக் காரணம் அது மட்டுமில்லை. அன்று அருப்புக்கோட்டையில் கிளம்பியதிலிருந்து என் முகத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துப் பேசிக்கொண்டே ஓட்டினார். எதிரே இரண்டு லாரி, ஒரு மாட்டுவண்டி. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வண்டி நின்றதும் சந்தோஷமாக இறங்கித் தள்ளினேன். பெட்ரோலைப் பார்க்கிற வண்டி வாங்கப் போகிறார், சரி. ரோட்டைப் பார்த்து ஓட்டுவாரா? திருச்சுழி வரை ஒரு தடவைகூடத் திரும்பாமல் ஓட்டினால் அதற்கு மேல் யோசிக்கலாம். முடிவை அவசரப்பட்டு எழுதாதீர்கள் டீச்சர்."

அவரை வரச்சொல்லிக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். "தெரியுமா?" என்றார். தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் "தெரியுமா?" என்றார். நம்பகமான வண்டி எது என்று இத்தனை நாள் ஊரெல்லாம் விசாரித்த மனிதர், அன்று வேறொன்றும் கேட்காமல் எழுந்து போனார்.

8.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி. புது வண்டி வாசலில் நின்றது. மாலை, சந்தனம், சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம். கேட்டை ஒட்டி மக்காச்சோள மூட்டையும் நின்றது, பச்சைச் சேலை, ஹெல்மெட் சகிதம். "அவ வரலைன்னா மூட்டையக் கூட்டிட்டாவது போறேன்" என்று முந்தின நாளே சொல்லி, தூக்கிவைக்க மண்டியிலிருந்து இருளாண்டியை வரவழைத்திருந்தார். அறுபத்தொரு கிலோவாக மறுபடி நிறுத்த மூட்டை அது.

அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். கழுத்தைக் கம்பு மாதிரி வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்தார். பக்கக் கண்ணாடிகளில் அவருடைய தோள் மட்டும்தான் தெரியும், பின்சீட்டு தெரியாது என்பதை முன்கூட்டியே சோதித்திருந்தேன். கதாசிரியருக்கு அவ்வளவாவது வேலை இருக்கிறதே.

முத்துலட்சுமி வாசலுக்கு வந்தாள். இருளாண்டி மூட்டைப் பக்கம் நகர்ந்தார்.

வண்டியின் பின்பக்கம் மெல்ல அமுங்கியது.

நவநீதகிருஷ்ணன் எடை சொல்ல வாயைத் திறந்தார். சொல்லாமல் மூடிக்கொண்டார். பிறகு, ரோட்டில் வைத்த கண்ணை எடுக்காமலே பேசினார்.

"அன்னைக்கு வண்டி மேல தப்பில்ல. ரிசர்வ் போட மறந்தது நாந்தான். ஒங்கிட்டப் பொய் சொன்னேன். மன்னிச்சிரு."

வண்டி கிளம்பியது. எலுமிச்சம்பழம் இரண்டும் நசுங்கின. தெருமுனை தாண்டித் திருச்சுழி ரோட்டில் திரும்பும் வரை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

அந்த நான்கு வாக்கியங்களைக் கேட்டது யார்? சேலை கட்டிய முத்துலட்சுமியா, சேலை கட்டிய மக்காச்சோளமா? எனக்குத் தெரியும், இருளாண்டிக்கும் தெரியும். முடிவை அவசரப்பட்டு எழுத வேண்டாம் என்று என் முதல் வாசகி சொல்லிவிட்டதால் நான் எழுதப் போவதில்லை. பின்சீட்டில் யாரை வேண்டுமானாலும் நீங்கள் ஏற்றிக்கொள்ளலாம்.

ஆனால் அவரிடம் சொல்லிவிடாதீர்கள். திருச்சுழிக்கு இன்னும் பத்து கிலோமீட்டர் இருக்கிறது, அவர் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருக்கிறார்.