டீசல் வாங்கினால் ஐந்து வருஷம்

எனக்குக் கார்களைப் பற்றி எதுவும் தெரியாது. இந்த உண்மை எனக்கே தெரியாமல் போனதுதான் வினை. ஒரு மாதமாகக் கைபேசியில் வீடியோ பார்த்துப் பார்த்து, பழைய கார் வாங்குவதில் என்னை விட்டால் ஆளில்லை என்ற நினைப்புக்கு வந்திருந்தேன். பல் துலக்கும்போதுகூட டர்போவைப் பற்றித்தான் யோசனை.

கார் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். நான் ஒரு குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவன். அந்த நிலையம் இருப்பது வேறு ஊரில். என் மனைவி பல் டாக்டர்; அவளுடைய கிளினிக் இங்கே. கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் வெள்ளிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை கிளம்பும் விருந்தாளிக் கணவன். எனக்கு வசதியாக ஓடிக்கொண்டிருந்த ரயிலை இப்போது நிறுத்திவிட்டார்கள். அதனால் கார்.

கூடவே இன்னொரு விஷயமும் தொங்கிக்கொண்டிருந்தது. அங்கே ஆய்வுக்கூடத் தலைவர் பதவி எனக்கு வருவதாக இருந்தது. இங்கே எங்கள் ஊர் நிலையத்திலும் ஓர் இடம் காலி. ஆனால் அது நான் இப்போது பார்க்கும் அதே வேலை, அதே நாற்காலி. எது வேண்டும் என்று திங்கட்கிழமை சொல்ல வேண்டும். "யோசிச்சிட்டிருக்கேன்" என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். அவளும் அதற்குமேல் கேட்கவில்லை. ஊரார் வாயையெல்லாம் திறக்கவைத்துப் பார்ப்பவள், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் என் வாயைக் கிளறாமல் விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை காலை பழைய கார் விற்கும் இடத்துக்கு மூன்று பேராகப் போனோம். மூன்றாவது ஆள் என் மனைவியின் தம்பி. அவனுக்கு வீட்டில் வைத்திருக்கும் பெயர் சைலன்சர். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டான் என்பதால் வந்த பெயர்.

கூரைத் தகட்டின் கீழ் இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒரே மாடல், ஒரே வருஷம், இரண்டும் சாம்பல் நிறம்.

"ஒரே வயித்துல பொறந்ததுங்க சார்," என்றார் வியாபாரி. "இது பெட்ரோல், அது டீசல். குணம் மட்டும்தான் வேற."

நான் டயரை உதைத்துப் பார்த்தேன். எதற்கு உதைக்க வேண்டும் என்று எந்த வீடியோவிலும் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் உதைத்தார்கள். விரல் வலித்தது. அதை முகத்தில் காட்டாமல் டீசல் காரின் பானெட்டைத் திறக்கச் சொன்னேன். உள்ளே குனிந்து, "ம்ம்" என்றேன். பிறகு வேறு சுருதியில் இன்னொரு "ம்ம்."

"என்ன மாமா தெரியுது?" என்றான் சைலன்சர்.

"எஞ்சின் தெரியுது," என்றாள் என் மனைவி. அவளும் எட்டிப் பார்த்தாள், கடைவாயைப் பார்ப்பதுபோல் தலையைச் சாய்த்து. "பாக்கு போடுற ஆளோட வாய் மாதிரி இருக்கு. ஒரு தடவை நல்லா க்ளீன் பண்ணணும்."

"டீசல்னா கொஞ்சம் கரி இருக்கும்மா. அதெல்லாம் உனக்குப் புரியாது," என்றேன். நல்லவேளை, அப்போது அவள் கையில் ஊசி இல்லை.

முதலில் பெட்ரோல் காரை ஓட்டிப் பார்த்தோம். ஒரு குறையும் இல்லை. அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு டீசல். வாசலைத் தாண்டுவதற்குள் இரண்டு முறை நின்றுபோனது. "கிளட்ச் புதுசு, பழகணும்," என்று கிளட்ச்சின் மேல் பழியைப் போட்டேன். நெடுஞ்சாலைக்கு வந்ததும் வண்டி ஒரு உறுமலோடு பாய்ந்தது. எனக்கு மீசை இல்லை, இருந்திருந்தால் முறுக்கியிருப்பேன்.

"பாத்தியா இழுவையை! பெட்ரோல்ல இது வருமா?"

"வராது," என்றாள் பக்கத்தில் இருந்த மனைவி. "அப்ப எல்லாரும் டீசலே வாங்கலாமே. ஏன் பெட்ரோல் வாங்கறாங்க?"

அப்பாவியாகக் கேட்ட கேள்வி என்றுதான் இன்றுவரை நம்புகிறேன். ஆசிரியரிடம் பாடத்திலிருந்தே கேள்வி கேட்டால் எப்படி இருக்கும்? உற்சாகம் தலைக்கேறியது.

"நல்ல கேள்வி! டீசல் வண்டிக்கு ஓட்டம் வேணும். வீட்டுக்கும் கடைக்கும் மட்டும் ஓட்டினா புகையை வடிகட்டற ஃபில்டர் அடைச்சுக்கும், செலவுதான் மிஞ்சும். நமக்கு அந்தக் கவலையே இல்ல. நான்தான் வாராவாரம் அவ்வளவு தூரம் போய்ட்டு வரப்போறேனே. இப்படியே ஒரு அஞ்சு வருஷம் ஓட்டினா டீசலுக்குன்னு கூடுதலா போட்ட காசை எடுத்துடலாம். அதுக்கப்புறம் ஓடறது எல்லாம் லாபம். இந்த எஞ்சினுக்குச் சாவே கிடையாது, பத்து வருஷம்கூட போகும்..."

நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனேன். பின் இருக்கையிலிருந்து சத்தமே வரவில்லை என்பது கொஞ்ச தூரம் போன பிறகுதான் உறைத்தது. சைலன்சர் பேசாமல் இருந்தால் ஏதோ வெடித்திருக்கிறது என்று அர்த்தம். கண்ணாடியில் பார்த்தேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பி, ஒரு மின்கம்பத்தைக்கூட விடாமல் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி சார்," என்றாள் மனைவி. "இதையே எடுத்துடுங்க."

அவள் என்னை 'சார்' என்று கூப்பிடுவது அபூர்வம். பணம் கட்டாமல் நழுவும் நோயாளிகளுக்காக ஒதுக்கிவைத்திருக்கும் மரியாதை அது.

திரும்பி வந்து வண்டியை நிறுத்தியதும் அவள் இறங்கி, அந்தப் பெட்ரோல் காரில் போய் உட்கார்ந்துகொண்டாள். எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஆய்வுக்கூடத்தில் தண்ணீரின் நிறம் லேசாக மாறினால் கண்டுபிடித்துவிடுகிற நான், பக்கத்து இருக்கையில் நடந்ததைப் பார்க்கவில்லை.

நானும் போய் அவள் பக்கத்தில், ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தேன்.

"நான் இன்னும் எதையும் முடிவு பண்ணலம்மா."

"பண்ணிட்டீங்க. அதுக்குப் பொருத்தமா எஞ்சின் மட்டும்தான் தேடிட்டிருந்தீங்க."

ஒரு மாதம் பார்த்த வீடியோக்களில், ஊருக்குள் ஓட்ட எது நல்லது என்று ஒன்றைக்கூட நான் பார்த்திருக்கவில்லை. கதவில் என் பெயர்ப்பலகை, சுழலும் நாற்காலி, வெளியே உறுமும் டீசல் கார் என்று எல்லாம் என் மனதில் ஏற்கெனவே மாட்டியாகிவிட்டது. அந்தப் படத்தில் இவள் எங்கே என்று தேடிப்பார்த்தேன். கையசைத்து வழியனுப்பிக்கொண்டிருந்தாள்.

"நீ ஏன் கேக்கல? வந்துடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நான் கூப்பிட்டு நீங்க வந்தா, அந்தத் தலைவர் நாற்காலி காலம்பூரா நம்ம வீட்டு நடுவுல கெடக்கும். நீங்களா வரணும்." டாஷ்போர்டில் இருந்த தூசியை விரலால் துடைத்தாள். "ஞாயித்துக்கிழமை நீங்க பையை எடுத்ததும் நான் ஏன் குளிக்கப் போறேன்னு என்னிக்காச்சும் யோசிச்சிருக்கீங்களா?"

யோசித்திருக்கிறேன். சுத்தமான பெண் என்று நினைத்திருக்கிறேன். தண்ணீர்ச் சத்தத்துக்குள் அழுகைச் சத்தம் இருக்கும் என்று தோன்றியதில்லை.

அங்கே என் வாடகை அறை நினைவுக்கு வந்தது. ஒரு தட்டு, ஒரு தம்ளர், ஆணியில் ஒரு துண்டு. சுழலும் நாற்காலியில் எவ்வளவு சுழன்றாலும் சாயங்காலம் அந்த அறைக்குத்தான் வந்தாக வேண்டும்.

வியாபாரி ஜன்னலில் குனிந்தார். "டீசல்தானே சார்? சொல்லிட்டா வண்டியை ஒதுக்கி வெச்சிடுவேன்."

"இல்லீங்க. இந்தப் பெட்ரோலே போதும்."

"ரொம்ப தூரம் போகணும்னு சொன்னீங்களே?"

"இனிமே வீட்லேருந்து வேலைக்கு, வேலை முடிஞ்சா வீட்டுக்கு. அவ்வளவுதான் ஓட்டம்." சொல்லும்போது நாற்காலி ஒரு முறை சுழன்று காட்டிவிட்டுத்தான் போனது, பொய் சொல்ல மாட்டேன். அங்கேயே உட்கார்ந்து என் மேலதிகாரிக்குப் போன் செய்து மாற்றல் கேட்டேன். திங்கட்கிழமை வரை விட்டால் இன்னும் இரண்டு வீடியோ பார்த்துவிடுவேன் என்ற பயம்.

போனை வைத்ததும் அவள் மெதுவாக, "ஏங்க," என்றாள்.

"சொல்லும்மா."

"இந்தப் பக்கம் வாங்க. வாசல்ல ரெண்டு தடவை நின்னதைப் பாத்தேன். கிளட்ச் மேல தப்பு இல்ல. நான் ஓட்டறேன்."

இடம் மாறி உட்கார்ந்தேன். பின்கதவைத் திறந்துகொண்டு சைலன்சர் ஏறினான், போன உயிர் திரும்பி வந்தவனாக.

"மாமா, ஒண்ணு சொல்றேன் கேளுங்க. பெட்ரோலை விட இந்த பேட்டரியில ஓடற கார் இருக்கே, அதுல பாத்தீங்கன்னா..."

"டேய், வாயை மூடுடா!" என்றாள் என் மனைவி.

அவள் தொழிலில் ஒருவரிடமும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டாள்.