ஏழாம் எண் பை

ஓரகத்திகள் இருவரின் காப்பித் தோட்டங்களுக்கும் நடுவே இடுப்பளவு கம்பிவேலி ஒன்றுதான். இந்தப் பக்கம் பெரியவள், அந்தப் பக்கம் சின்னவள். அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்துக்கொண்டபோது நிலம் ஒரே அளவு, செடிகளுக்கு ஒரே வயது, மேலே ஒரே நிழல்.

அந்த நிழல்தான் பெரியவளுக்கு ஆகவில்லை. "வெயில் பட்டாத்தான் காய் பிடிக்கும். நிழலையா வித்துத் திங்கப் போறோம்?" என்று புருஷனை நச்சரித்து, ஒன்பது வருடத்துக்கு முன் தங்கள் பக்கத்து மரங்களையெல்லாம் வெட்ட வைத்தாள். அவள் சொன்னபடியே மூன்று வருடம் கிளை ஒடியக் காய்த்தது. அந்த மூன்று வருடமும் அவள் நடையே வேறு. பிறகு இலை மஞ்சளடித்தது. தண்டில் பூச்சி ஏறியது. உரம் போடப் போட மண் இன்னும் கொண்டா என்றது.

சின்னவள் ஒரு கிளையைக்கூடத் தேவையில்லாமல் தொடவில்லை. பலாவும் அத்தியும் வெண்ணெய்ப்பழ மரமும் அப்படியே நின்றன. காய்ப்பு கம்மிதான், ஆனால் வருடம் தவறாத காய்ப்பு. பழம் பறிக்கும் நாட்களில் அவள் மர நிழலில் ஏதாவது முணுமுணுத்துப் பாடிக்கொண்டே பறிப்பாள். இந்தப் பக்கம் தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு வேர்த்து ஒழுகும் பெரியவளுக்கு அது காதில் ஈயம் காய்ச்சி ஊற்றுகிற மாதிரி இருக்கும்.

"பாட்டு வேற கேக்குது மகாராணிக்கு" என்பாள்.

"அவ பாடினா உனக்கு என்னடி?" என்பார் புருஷன்.

"எனக்கு என்ன? ஒண்ணுமில்ல."

அந்த வருடம் சிறுதோட்டக்காரர் சங்கத்துக்குப் புதிதாக ஒரு கம்பெனியிலிருந்து ருசி பார்க்கும் அம்மாள் வந்தாள். பதினோரு குடும்பமும் ஆளுக்கு ஒரு பை கொட்டை கொடுக்க வேண்டும். யாருடையது என்று தெரியாமல் இருக்க, பெயர்ச் சீட்டை எடுத்துவிட்டு எண் மட்டும் ஒட்டுவார்கள். எந்த எண் யாருக்கு என்பது நோட்டில் இருக்கும். பெரியவளுக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் அந்த வேலை அவளிடம் வந்தது.

சின்னவளின் பையைத் திறந்ததும் ஒரு வாசனை வந்தது. பெரியவள் ஒரு கொட்டையை எடுத்துக் கடித்துப் பார்த்தாள். வயிற்றில் யாரோ தீக்குச்சி கிழித்த மாதிரி இருந்தது. சங்கக் கொட்டகையில் வேறு யாரும் இல்லை. சின்னவள் பையில் ஏழு என்று ஒட்டினாள், தன் பையில் மூன்று. நோட்டில் ஏழுக்கு நேரே தன் பெயரையும் மூன்றுக்கு நேரே சின்னவள் பெயரையும் எழுதினாள். எழுத்து எப்போதும் போல அழகாகவே விழுந்தது.

மறுநாள் எல்லாரும் பார்த்திருக்க, அந்த அம்மாள் வரிசையாக வைத்த காப்பிக் கிண்ணங்களில் கரண்டியை விட்டு விட்டு, கூரை அதிர உறிஞ்சினாள். "நம்ம வீட்டுல இப்படிக் குடிச்சா முதுகுல ஒண்ணு விழும்" என்று பின்னாலிருந்து ஒருவர் முணுமுணுக்க, எல்லாரும் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். ஏழாவது கிண்ணத்துக்கு அவள் மூன்று தரம் திரும்பி வந்தாள்.

"இதுதான் முதல். அவசரமில்லாம, நிழல்ல பழுத்த பழம். இந்தத் தோட்டத்து மரங்களை நான் பார்க்கணும். நாளன்னைக்குக் காலையில வர்றேன்" என்றாள்.

செயலாளர் நோட்டைப் பார்த்துப் பெரியவளின் பெயரைப் படித்தார். கைதட்டல் எழுந்தது. அங்கே ஏது நிழல் என்று சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவளுக்கோ உச்சி குளிரவில்லை. புகழ்ச்சி ஒவ்வொன்றும் அவள் காதில் விழுந்து, நேராக வேலியைத் தாண்டிச் சின்னவளிடம் போய்ச் சேர்ந்தது. தான் ஜெயித்ததைப் பார்த்துத் தனக்கே பொறாமையாக இருந்தது.

சின்னவளுக்குப் பத்தாவது இடம். அவள் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு ரொம்ப சந்தோஷம்கா" என்றவளின் கண் கலங்கியிருந்தது. பெரியவள் கையை உருவிக்கொண்டாள்.

ருசி பார்க்கும் அம்மாள் வரப்போகிற அன்று விடியற்காலையிலேயே வேலிக்கு அந்தப் பக்கம் ஆள் சத்தம் கேட்டது. பெரியவள் எட்டிப் பார்த்தாள். மரம் வெட்டுபவர் அத்தி மரத்தில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். கீழே ரம்பம் கிடந்தது.

"என்னடி இது?"

"உங்களை மாதிரியே வெட்டிடலாம்னு முடிவு பண்ணிட்டோம்கா. இத்தனை வருஷம் நான்தான் பிடிவாதமா இருந்துட்டேன். நிழல்னு அந்தம்மா என்னமோ சொன்னாங்க, ஆனா மரத்தை வெட்டின நீங்கதான் முதல்ல வந்தீங்க. நான் பத்தாவது. இன்னும் என்ன சாட்சி வேணும்?"

பெரியவள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். மத்தியானத்துக்குள் இரண்டு பக்கமும் ஒரே வெயில், ஒரே மஞ்சள் இலை. சின்னவள் தலையிலும் ஈரத்துண்டு ஏறும், பாட்டு நிற்கும். ஆறு வருடமாகப் பெரியவள் ஏங்கியது இதைத்தான்.

ரம்பத்தின் பல் பட்டையில் பட்டது. முதல் இழுப்பில் வெள்ளைப் பால் கசிந்தது. பெரியவளுக்குத் தன் மரங்கள் விழுந்த நாளின் சத்தம் காதில் வந்தது. அன்று விழுந்த கிளையில் ஒரு கூடு இருந்ததை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டே அவள் வேலியில் கால் வைத்தாள். புடவை கம்பியில் மாட்டிக் கிழிந்தது. "ஏழு உன் பைடி! உன்னுது! நான்தான் நோட்டுல பேரை மாத்தினேன்!"

மரம் வெட்டுபவர் ரம்பத்தைப் பிடித்தபடியே நின்றார். சின்னவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் வெளுத்தது.

"ஏன்கா?"

"பொறுக்கலை. அவ்வளவுதான். வேற என்ன சொல்ல?"

"நான் ரெண்டு நாளா தூங்கலை. என்ன தப்பு பண்ணோம்னு எங்க வீட்டுக்காரரும் நானும் மாத்தி மாத்திக் கேட்டுக்கிட்டோம். உங்களுக்காக நான் கையும் தட்டினேன்." அவள் குரல் உயரவே இல்லை. "இதை அந்தம்மாகிட்ட நீங்களே சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

ஒன்பது மணிக்கு ஜீப் வந்தது. பெரியவள் கிழிந்த புடவையோடு வாசலிலேயே நின்று, செயலாளர் முன்னிலையில் எல்லாவற்றையும் சொன்னாள். புருஷன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். ருசி பார்க்கும் அம்மாள் திட்டவில்லை. பெரியவளின் வெட்டவெளியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் போய் அத்தி மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள். பட்டையில் ஒரு விரல் ஆழத்துக்கு வெட்டு. "பிழைச்சுக்கும்" என்றாள். சங்கத்தில் கிண்ணங்கள் மறுபடி வைக்கப்பட்டன. ஏழு மறுபடி முதலில் வந்தது, இந்தத் தரம் சொந்தக்காரி பெயரில். பெரியவளின் கையிலிருந்து நோட்டு போனது. இரண்டு வருடத்துக்கு அவள் பையைச் சங்கம் வாங்காது என்று முடிவாயிற்று.

அதற்குப் பிறகு சின்னவள் பேசவில்லை. நல்லது கெட்டதுக்குக்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மழை தொடங்கியதும் பெரியவள் வேலியோரம் போய் நின்றாள். அந்தப் பக்கம் சின்னவள் பலாக் கன்றுகளையும் அத்திக் கன்றுகளையும் பைகளில் வளர்த்து வைத்திருந்தாள்.

"கொஞ்சம் கன்னு வேணும்" என்றாள் பெரியவள். கேட்கும்போதே நாக்கு கசந்தது.

சின்னவள் நிமிரவில்லை. கன்றுகள் இருந்த பக்கம் கையைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

முப்பது கன்று. குழியைப் பெரியவளே தோண்டினாள். புருஷனைக் கிட்டே விடவில்லை. ஒவ்வொன்றையும் நடும்போது அந்தப் பக்கத்து மரத்தை அண்ணாந்து பார்த்து, இது அந்த உயரம் வர எத்தனை வருடம் என்று கணக்குப் போட்டுப் பெருமூச்சு விட்டாள்.

மழை ஓய்ந்து வெயில் ஏறிய ஒரு நாள், வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"மேட்டு வரிசைக்குத் தண்ணி போதலை. வாடுது, பாருங்க."

எட்டு மாதத்தில் முதல் பேச்சு.

"எனக்குத் தெரியாதாக்கும்?" என்று வெடுக்கென்று சொன்னாள் பெரியவள். சின்னவள் உள்ளே போகும்வரை காத்திருந்துவிட்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு மேட்டு வரிசைக்கு நடந்தாள்.