மனுவின் கடைசி வரி

உண்ணாமலை எந்தத் தாளிலும் கடைசி வரி வரை வாசிக்காமல் கையெழுத்துப் போடுவதில்லை. மகன் வளவன் இறந்த அன்று மட்டும், ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ நீட்டிய தாளில், காட்டிய இடத்தில் அவள் கையெழுத்துப் போட்டுவிட்டாள். தண்ணீர் நிற்பது தெரிந்தும் அவன் அஜாக்கிரதையாக வண்டியை இறக்கினான் என்று அதில் எழுதியிருந்தது பிறகுதான் தெரிந்தது. வளவன் அஜாக்கிரதைக்காரன் இல்லை. விடியும் முன்னே பால் கேன்களோடு வழக்கம்போல் சப்வேயில் இறங்கினான். முந்திய இரவு பெய்த மழை அங்கே எவ்வளவு ஆழம் நின்றிருந்தது என்று அந்த இருட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது.

ஈச்சங்குட்டை திருவண்ணாமலையின் ஓரத்தில், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. முன்பு அங்கே ஒரு ரயில்வே கேட் இருந்தது. அதை மூடிவிட்டு, தண்டவாளத்துக்கு அடியில் சுரங்கம் தோண்டி வழி விட்டார்கள். அதைத்தான் ஊரில் சப்வே என்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் அது குளமாகிவிடும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் புத்தகப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டுவார்கள். ஊரார் எத்தனையோ அலுவலகங்களில் பொறுமையாகக் கேட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொரு பதிலும் இன்னோர் அலுவலகத்தைக் கைகாட்டியது.

கடைசியில் வக்கீல் இளஞ்செழியன்தான் சொன்னார், குடிமக்கள் நேராக நாடாளுமன்றத்துக்கே மனு எழுதலாம் என்று. எம்.பி. ஒருவர் அதில் கையெழுத்திட்டு, சபையில் எழுந்து நின்று தாக்கல் செய்ய வேண்டும். தொகுதி எம்.பி.யும் சம்மதித்துவிட்டார். தண்டவாளத்துக்கு மேலே ஒரு நடைபாலமும், சப்வேயில் நிற்கும் தண்ணீரை இறைக்க ஒரு மோட்டாரும் வேண்டும் என்பதே கோரிக்கை. முதல் கையெழுத்து உண்ணாமலையுடையதாக இருக்கட்டும் என்று ஊரே சொன்னது. மற்றவர்கள் அவள் பெயருக்குக் கீழே போடுவதாகக் காத்திருந்தார்கள்.

மனுவைத் தட்டச்சு செய்தது அய்யூப். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர். குடியிருப்பது ஈச்சங்குட்டையில், உண்ணாமலைக்கு அடுத்த தெருவில். வளவன் இறந்த அன்று விடியற்காலைத் தொழுகை முடிந்து வந்தவர் சப்வே தண்ணீருக்கடியில் வண்டி விளக்கு எரிவதைப் பார்த்துக் குதித்தார். வளவனைத் தூக்கி வந்தவர் அவர்தான். அதைப் பற்றி அவரும் பேசுவதில்லை, உண்ணாமலையும் கேட்பதில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அவர் கடையில் உண்ணாமலை மனுவை எடுத்து, வரிவரியாக, வாய்விட்டு வாசித்தாள். பக்கத்தில் இளஞ்செழியனும், வேர்க்கடலை மண்டி வைத்திருக்கும் ராஜேந்திரனும் நின்றார்கள். எம்.பி.யின் உதவியாளர் மறுநாள் டெல்லிக்குப் புறப்படுகிறார். அதற்குள் தாள் அவர் கைக்குப் போயாக வேண்டும். மகன் செத்த விவரத்தை அவள் குரல் நடுங்காமல் வாசித்தாள். கோரிக்கையையும் வாசித்தாள். கடைசி வரியில் நின்றுவிட்டாள்.

"கடமைப்பட்ட மனுதாரர்களாகிய நாங்கள் என்றும் பிரார்த்திப்போம்."

யாருக்காகப் பிரார்த்திப்பது என்று கேட்டாள். சபைக்காக, அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்காக என்றார் இளஞ்செழியன். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வரும் நடை அது, ஆங்கிலப் படிவத்தில் இருந்ததை அப்படியே தமிழில் போட்டிருக்கிறோம் என்றும் விளக்கினார். உண்ணாமலை தாளை மேசைமேல் வைத்தாள்.

"நான் சாமி கும்பிட்டு வருஷம் ஒண்ணாவுது சார். இதுல எப்படிக் கையெழுத்துப் போடறது?"

அது உண்மை. அவள் வீட்டுப் பின்கதவைத் திறந்தால் நேரே மலைதான். வளவன் போனதிலிருந்து அந்தக் கதவை அவள் திறக்கவில்லை. போன கார்த்திகையில் ஊரே தெருவில் நின்று மலையுச்சித் தீபத்தைக் கும்பிட்டபோது, அவள் விளக்கைக்கூட ஏற்றாமல் உள்ளே உட்கார்ந்திருந்தாள். மலையடிவாரக் கோயில் அம்மனின் பெயரையே வைத்துக்கொண்டிருப்பவள் அவள்.

ராஜேந்திரனுக்குப் பொறுமை போய்விட்டது. "கல்யாணப் பத்திரிகையில சுற்றமும் நட்பும் சூழன்னு போடறோம். அதுக்காகப் பந்தியில போய்த் தலையை எண்ணறோமாம்மா? யாரு இதெல்லாம் படிக்கறாங்க?"

"நான் படிச்சேனே. ஒரு தடவை பொய்க்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். எம் புள்ளைமேல பழி நின்னுபோச்சு. இன்னொரு தடவை மாட்டேன்" என்றாள் உண்ணாமலை.

அந்த வரியை எடுத்துவிட முடியாதா என்று அய்யூப் கேட்டார். விதியில் உள்ள வடிவம் அது, மாற்றினால் வடிவம் சரியில்லை என்று மனு வாசலிலேயே நின்றுவிடலாம் என்று இளஞ்செழியன் தயங்கினார். உண்ணாமலை பெயரை விட்டுவிட்டு அடுத்தவர் பெயரிலிருந்து தொடங்கலாமா என்று ராஜேந்திரன் மெல்லக் கேட்டார். கேட்டதும் அவருக்கே கூச்சமாகிவிட்டது. பெற்றவள் பெயர் இல்லாமல் அந்த மனு என்ன மனு?

அய்யூப் தாளைத் தன் பக்கம் திருப்பி, அந்த வரியின்மேல் விரலை வைத்தார்.

"அக்கா, இதை அடிக்கும்போது எனக்கும் கை நின்னுது. சும்மா போடற வார்த்தை இல்லியே இது. ஆனா பாருங்க, பிரார்த்திப்போம்னுதான் இருக்கு. பிரார்த்திப்பேன்னு இல்ல. ஊரு மொத்தமும் சேர்ந்து ஒத்துக்கறது. உங்க பங்கை நான் எடுத்துக்கறேன். தினம் விடியக்காலைல என்னோடதோட சேத்து உங்களோடதையும் கேக்கறேன். நீங்க எப்ப திரும்பக் கேக்கறீங்களோ, அப்ப குடுத்துடறேன்."

உண்ணாமலை குனிந்து பார்த்தாள். வளவனைத் தூக்கி வந்த கைகள் அந்தத் தாளின்மேல் இருந்தன.

"மறந்துட மாட்டீங்களே பாய்?"

"மறந்தா அந்தப் பொய் என் கணக்குல."

"அப்ப எனக்கும் சேத்துக் கேட்டுடுங்க பாய். மண்டில வேலை ஜாஸ்தி" என்றார் ராஜேந்திரன்.

"உங்களோடதை நீங்களே பாத்துக்கோங்க. அக்காவுக்குச் சாமியோட சண்டை. உங்களுக்கு வெறும் சோம்பேறித்தனம்."

உண்ணாமலையின் உதட்டோரம் லேசாக அசைந்தது. அவள் பேனாவை வாங்கி, தன் பெயரை முழுதாக எழுதினாள்.

அய்யூப் சொன்னபடியே செய்தார். தொழுகை முடிந்ததும் ஏந்திய கைகளை உடனே இறக்காமல், இரண்டாம் முறையும் கேட்டார். அந்தச் சபையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நல்ல புத்தியும், கேட்கிற காதும், உடம்பில் சுகமும் கொடு என்று தன் பங்குக்கு ஒரு முறை, உண்ணாமலையின் பங்குக்கு ஒரு முறை. அவர் மனைவி வஜீதா விஷயம் தெரிந்ததும், காய்ச்சல் கண்டு அவர் படுத்த நாட்களில் இரண்டையும் தானே கேட்டாள். ஒருவரால் தூக்க முடியாததைக் கொஞ்ச காலம் இன்னொருவர் வாங்கி வைத்துக்கொள்வது பெரிய தருமம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் துக்கப்பட்ட மனிதர்கள் பலர் எழுந்து நடமாடுவது அதனால்தான்.

கூட்டத்தொடர் தொடங்கி, மனு தாக்கலானது. அந்த வீடியோவை இளஞ்செழியன் அனுப்பியிருந்தார். சாயங்காலம் வஜீதா போனை எடுத்துக்கொண்டு உண்ணாமலை வீட்டுக்கு வந்தாள். கூட வந்த அய்யூப் வாசலோடு நின்றுகொண்டார். எம்.பி. எழுந்தார். ஈச்சங்குட்டை உண்ணாமலை என்பவரும் மற்றவர்களும் கையொப்பமிட்ட மனு ஒன்றைத் தாக்கல் செய்கிறேன் என்றார். என்ன கோரிக்கை என்று சொன்னார். உட்கார்ந்தார். அவ்வளவுதான். அதற்குமேல் பேச அங்கே விதி இடம் தராது. சுற்றிலும் பல இருக்கைகள் காலியாக இருந்தன. இருந்தவர்களிலும் ஒருவர் தலையைக் குனிந்து ஏதோ தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

வஜீதாவுக்குத் துக்கமாகிவிட்டது. இதற்கா இவ்வளவு பாடு என்று உண்ணாமலை கேட்பாள், அழுவாள் என்று பயந்தாள். உண்ணாமலை இன்னொரு முறை போடச் சொன்னாள். எம்.பி.யின் வாயில் தன் பெயர் வரும் இடத்தில் காதைக் கிட்டே கொண்டுபோனாள்.

"பாவம், அவருக்குத் தொண்டை கட்டியிருக்கு" என்றாள்.

வஜீதா திரும்பிப் பார்த்தாள்.

"எம் பேரைச் சொல்லும்போது கமறுது பாரும்மா. டெல்லியில குளிரு. சுக்கு வெந்நி வெச்சுக் குடுக்க ஆளு இருக்கோ இல்லியோ."

அவர்கள் போன பிறகு உண்ணாமலை கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கமறிய குரல் காதிலேயே இருந்தது. அந்தப் பெரிய இடத்தில் இருப்பவர்களும் சளி பிடிக்கிற மனிதர்கள்தான் என்று இதுவரை அவள் நினைத்துப் பார்த்ததில்லை. எழுந்து பின்கதவின் தாழ்ப்பாளை இழுத்தாள். அது துருப்பிடித்திருந்தது. தோளால் முட்டித் தள்ள வேண்டியிருந்தது. வெளியே மலை இருந்தது, எங்கும் போகாமல். வளவனைப் பற்றி அவள் அதனிடம் எதுவும் கேட்கவில்லை. அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை. அந்த மனிதருக்குத் தொண்டை சரியாகட்டும் என்று மட்டும் சொன்னாள். கொஞ்சம் தயங்கி, தாள் புரட்டிக்கொண்டிருந்தவரையும் சேர்த்துக்கொண்டாள்.

மறுநாள் அய்யூப் தொழுகை முடிந்து வரும்போது அவள் தெருமுனையில் நின்றிருந்தாள். வானம் இருட்டிக் கிடந்தது.

"என் பங்கைத் திருப்பிக் குடுத்துடுங்க பாய். நானே பாத்துக்கறேன்" என்றாள்.

அய்யூப் தலையை ஆட்டினார். "குடுத்துட்டேன்க்கா" என்றார்.

மனு நாடாளுமன்றக் குழு ஒன்றின் பரிசீலனைக்குப் போயிருக்கிறது என்றும், பதில் வரக் கொஞ்ச காலமாகும் என்றும் இளஞ்செழியன் சொல்லியிருந்தார். அதுவரைக்கும் மழை காத்திருக்காது. முதல் தூறல் விழுந்தது. அய்யூப் தன் வீட்டுக்குள் போய், மழை நாளில் சப்வேயை அடைக்க ஊருக்காக வாங்கி வைத்திருந்த கயிற்றை எடுத்து வந்தார். சப்வேயின் வாயில், ஒரு பக்கத்துக் கம்பத்தில் உண்ணாமலை முடிச்சுப் போட்டாள். இன்னொரு பக்கத்தில் அவர் கட்டினார். வண்டியில் வருகிற யாருக்கும் தெரியும்படி, கயிற்றின் நடுவில் அவள் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டாள்.