லயனலின் வெள்ளை எஸ்கார்ட்

லயனலின் எஸ்கார்ட், அந்தப் பழைய பந்தயக் கார், போலி என்று ஊரெல்லாம் பரப்பியவள் நான்தான். ஈப்போவில் பழைய கார் பைத்தியங்கள் கூடும் கோப்பிக் கடைகளிலும், பூசை முடிந்து மாதா கோயில் வாசலிலும், ஒருவர் விடாமல் சொன்னேன். அசல் காரை அவன் எப்போதோ சயாமுக்கு விற்றுவிட்டான், இது வேறொரு வண்டியில் அந்த நம்பரை மாட்டியது என்றேன்.

அது என் கற்பனை அல்ல. அவனே போலீசிடம் சொன்ன கதை.

அந்தக் காலத்தில் பந்தயக் காரை லாரியில் ஏற்றமாட்டார்கள். ரோட்டு நம்பரோடு வீட்டிலிருந்தே ஓட்டிப் போவார்கள். கோலா கங்சார் தோட்டத்துச் சாலையில் சைக்கிளில் வந்த என் தம்பி டேரனை ஒரு வெள்ளைக் கார் இடித்துவிட்டு நிற்காமல் போனது. சாகும்முன் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு நம்பரைச் சொன்னான். லயனலின் நம்பர். போன மாசமே சயாம்காரனுக்கு விற்றாகிவிட்டது, பெயர் மாற்றத்தான் தாமதம் என்று லயனல் சாதித்தான். போலீஸ் நம்பியது. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிற குடும்பத்தின் பேச்சை யார் கேட்டார்கள்? அதற்குப் பிறகு கோயிலில் நற்கருணை வாங்க எனக்கு முன்னால் நிற்பான்.

போன வருஷம் அந்தக் கார் புதுப் பெயிண்டோடு வெளியே வந்தது. சிங்கப்பூர்க்காரர் ஒருவர் விலை பேசினார். பந்தயத்தில் ஓடிய அதே கார் என்றால் வீட்டு விலை, போலி என்றால் இரும்பு விலை. நான் பரப்பியது அவர் காதுக்கும் எட்டியது. லயனல் துடித்துப்போனான். அதற்காகத்தானே பரப்பினேன்.

பாடாங் திடலில் நடந்த பழைய கார் கண்காட்சிக்கு லயனல் சிங்கப்பூர்க்காரரையும் அழைத்து வந்தான். கிளப் தலைவர் கமருதீன் பானெட்டைத் திறந்து, சேசிஸ் எண்ணைச் சரிபார்த்து, அசல்தான் என்று அறிவித்தார். லயனல் மைக்கை வாங்கினான்.

"இந்தக் காடிய நான் யாருக்கும் வித்ததே கிடையாது லா. வாங்குன நாள்லருந்து என்னைத் தவிர ஒருத்தன் கை இந்த ஸ்டேரிங்ல பட்டதில்ல."

கை தட்டினார்கள். நானும் மனதாரத் தட்டிவிட்டு அவன் பக்கத்தில் போய் நின்றேன்.

"அப்ப டேரன இடிச்சது யாரு அண்ணே?"

மைக் இன்னும் அவன் வாயருகில்தான் இருந்தது. கூட்டம் முழுவதும் கேட்டது. அவன் சிங்கப்பூர்க்காரரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"இது... அந்தக் காடி இல்ல. நம்பர் மட்டுந்தான் பழசு" என்றான்.

கமருதீன் மறுபடி டார்ச் அடித்துப் பார்த்தார். பாவம், அவருக்கு விஷயம் தெரியாது.

"ஒரிஜினல்தான் அண்ணே, இப்பதானே பாத்தோம்."

லயனல் மட்கார்டைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்தான். எனக்கு இரக்கம் வரவில்லை. அவன் பேசியது முழுவதும் என் பையிலிருந்த போனில் பதிவாகியிருந்தது. நேராகப் போலீஸ் நிலையத்துக்குப் போனேன்.

கார் நம்பர் ஞாபகம் இருக்கிறதா என்று அங்கிருந்த அதிகாரி கேட்டார். டேரன் என்னிடம் சொன்ன மாதிரியே, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.