பார்வையாளர் வரிசை, அனுமதி இலவசம்

மாமனார் வந்து நான்கு நாளாகிறது. ஓய்வுபெற்ற கிளை மேலாளர். காசு கொடுத்து ஊர் பார்ப்பவன் ஏமாளி என்பது அவர் கொள்கை. இலவசமாகப் பார்க்க இருபது இடங்களைத் தன் கைப்பட எழுதிக்கொண்டு வந்திருந்தார். அருங்காட்சியகம், செவ்வாய் மட்டும். வங்கிக் கட்டடத்துக் கண்ணாடி லிப்ட், காவலாளி அசந்த நேரம்.

வியாழன் காலை, "இன்னிக்குக் கோர்ட்டு," என்று அறிவித்தார்.

சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் விரல் நின்றது. அவர் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். மூன்று மாதத்துக்கு முன் சிவப்பு விளக்கைக் கவனிக்காமல் போய், ஒரு தபால்காரரின் காலை உடைத்துவிட்டார். அன்று பதினொரு மணிக்கு அதே கோர்ட்டில் வழக்கு. லைசென்ஸ் போனால் பிழைப்பே போச்சு. மனைவிக்கு எல்லாம் தெரியும். மாமனாருக்கு மட்டும் தெரியக்கூடாது.

"நூலகத்துக்குப் போங்களேன்ப்பா," என்றாள் மகள்.

"அங்க பேசக்கூடாதும்மா."

"கோர்ட்டுலயும் பேசக்கூடாதுப்பா!"

"மத்தவங்க பேசுவாங்கல்ல? ஏசி வேற. டிக்கெட்டும் கிடையாது."

"திருட்டுப் பசங்க வர்ற இடம் மாமா," என்றார் மாப்பிள்ளை.

"அதத்தானே மாப்பிள்ளை பார்க்கணும்!"

கோர்ட்டில் பன்னிரண்டு அறைகள். மற்ற பதினொன்றில் எதிலாவது அப்பா நுழையட்டும் என்று தான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் நின்றபடி மகள் வேண்டிக்கொண்டாள். அவரோ ஏழு அறைகளின் குளிரைச் சோதித்துவிட்டு எட்டாவதில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"என் மாப்பிள்ளை இந்த ஊருக்கே வண்டி ஓட்டக் கத்துக்கொடுக்கிறவர்," என்றார் பக்கத்திலிருந்தவரிடம். "எல்லாரும் அவர் மாதிரி இருந்தா இந்தக் கோர்ட்டை இழுத்து மூடிடலாம்."

அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறியது மாப்பிள்ளை.

தப்பு தன்மேல்தான் என்று அவர் ஒப்புக்கொண்டார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "லைசென்ஸ் விஷயத்துல முடிவு சொல்றதுக்கு முன்னாடி கேக்கறேன். உங்களைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்ல யாராவது வந்திருக்காங்களா?"

மாப்பிள்ளை தலையை நிமிர்த்தினார். எதிர் வரிசையில் மாமனார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

மாமனார் எழுந்தார். அறை முழுவதும் அவர் பக்கம் திரும்பியது.

"சொல்லுங்க. இவர் உங்களுக்கு உறவா?" என்றார் நீதிபதி.

பிரிவு உபசார விழாவில் தனக்குத் தானே முக்கால் மணி நேரம் நன்றியுரை ஆற்றிய மனிதர் தொண்டையைச் செருமினார்.

"நான் வெளியூருங்கய்யா. சும்மா சுத்திப் பார்க்க வந்தேன். வெளிய போற வழி..."

யாரோ சிரித்தார்கள். மாப்பிள்ளைதான் கூண்டுக்குள்ளிருந்து கையை நீட்டிக் கதவைக் காட்டினார்.